கசிவுப் பங்கு

கடப்பாரையின் நுனியில் பொறி பறந்தது.

கிணற்றுக்குள் நின்றிருந்தவர் அண்ணாந்து பார்த்துக் கத்தினார். “இது மண்ணில்லீங்க அக்கா! போன மாசம் இதே எடத்துல மம்பட்டி எறங்குச்சு. இப்ப இரும்பே எறங்க மாட்டேங்குது!”

மேலே சாந்தாமணி நின்றிருந்தாள். பக்கத்தில் நின்ற பெண்ணைத் திரும்பிப் பார்த்தாள். நீலச் சட்டை, தோளில் கருவிப் பை, பையின் மேல் கம்பெனி முத்திரை. பெயர் மெர்லின். மண் பொறியாளர். ஊர் நாகர்கோவில் பக்கம்.

“கேட்டீங்களா இஞ்சினியரம்மா? எங்க அண்ணன் அணைக்கு நீங்க ஊசி போட்டுட்டுப் போனீங்க. நோவு எனக்கு வந்திருக்குது.”

மெர்லின் சிரிக்க முயன்றாள். முடியவில்லை. அணையின் வருடாந்திரப் பரிசோதனைக்காகத்தான் அவள் வந்திருந்தாள். அணைக்குப் போகும் வண்டித்தடம் சாந்தாமணியின் நிலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்ட விடாமல் நடுவில் நிறுத்திவிட்டாள் சாந்தாமணி.

கயிற்றில் ஒரு கூடை மேலே வந்தது. அதில் வெட்டி எடுத்த சில்லுகள். வெளிறிய சாம்பல் நிறம். மெர்லின் ஒன்றை எடுத்து, பையிலிருந்த சின்னக் குப்பியிலிருந்து ஒரு சொட்டு அமிலம் விட்டாள். சில்லு நுரைத்தது.

சுண்ணாம்பு சேர்ந்து இறுகிய கல்.

தலையை உயர்த்தினாள். வயலின் எல்லையில், தென்னந்தோப்பின் உயரத்துக்கு, ஒரு மண்கரை நீளமாகப் படுத்திருந்தது. சாந்தாமணியின் தாத்தா தன் சொந்தப் பட்டா நிலத்தில், ஓடைக்குக் குறுக்கே கட்டிய அணை. அரசாங்க வரைபடத்தில் அதற்குப் பெயர்கூடக் கிடையாது. ஆனால் மழை பொய்த்த இந்த வருடத்திலும் தாராபுரத்துக்கு மேற்கே தண்ணீர் நிற்கிற ஒரே இடம் அதுதான்.

சாந்தாமணியின் அப்பா சாகும் முன் சொத்தைப் பிரித்தபோது, தண்ணீரையும் பிரித்துவிட்டுத்தான் போனார். கரைக்குள் நிற்கிற தண்ணீர் மகனுக்கு. கரையைத் தாண்டி ஊறுகிற தண்ணீர் மகளுக்கு. கேட்டவர்கள் சிரித்தார்கள். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒழுகாத மண்ணணை உலகத்தில் இல்லை. அந்தக் கசிவில்தான் சாந்தாமணியின் கிணறு எந்தக் கோடையிலும் வற்றாமல் நின்றது. அதை நம்பித்தான், கணவர் போன பிறகும், அவள் மாடுகளை வைத்துப் பிழைத்தாள்.

போன வருடம் மெர்லினின் கம்பெனி அந்த அணையை ஒழுகாமல் செய்துவிட்டது.

“அண்ணன் மதகைத் திறந்து விடறேன்னு சொன்னாராமே?” என்றாள் மெர்லின்.

“ஊறுறது எம் பங்கு. தொறந்து உடறது அவங்க தயவு. நான் பங்குக்குப் பொறந்தவ, தயவுக்கில்ல. இதை அப்படியே மேல போயி அவங்ககிட்டச் சொல்லுங்க.”

“நீங்களே சொல்லலாமேம்மா? கூப்பிடு தூரம்தானே?”

“கூப்புட்டாத்தானுங்க கேக்கும்.”

*

கரை மேல் குழந்தைவேல் இளநீர் சீவி வைத்துக்கொண்டு காத்திருந்தார். சாந்தாமணியின் ஒரே அண்ணன். பெரிய உடம்பு, சின்னக் குரல்.

“வாங்க அம்மிணி, குடிங்க. கீழ என்ன சொல்றா?”

“பங்கு வேற, தயவு வேறன்னாங்க.”

“அதையேதான் மூணாவது மனுசங்க மூலமா வருசம் பூரா சொல்லியுடறா.” அவர் கீழே பார்த்தார். “அந்தச் செவலை மாடு எலும்பா இருக்குதே, பாத்தீங்ளா? தண்ணி காட்றாளா இல்லையா?”

மெர்லின் கரையிறக்கத்தில் இறங்கினாள். நீண்ட கம்பியைக் கரையில் ஓரிடத்தில் செருகி மண் எடுத்தாள். கீழே, வயல் தொடங்குகிற இடத்தில் இன்னொரு முறை. அங்கே கம்பி வளைந்தது. உரசி எடுத்த பொடியைக் கைக்கருவியின் வாயில் போட்டாள். கரை மண்ணுக்குக் கருவி மௌனமாக இருந்தது. வயல் பொடிக்குப் பச்சை விளக்கு எரிந்தது. நன்றாக, பிரகாசமாக எரிந்தது.

மேலே ஏறி வந்தபோது அவள் முகத்தைப் பார்த்தே குழந்தைவேல் எழுந்துவிட்டார்.

“என்னாச்சுங்க?”

“மண்பூட்டு உயிரோட இருக்குங்க.”

மண்பூட்டு என்பது கம்பெனி வைத்த பெயர். உண்மையில் அது ஒரு நுண்ணுயிர். பரிசோதனைச் சாலையில் திருத்தி வளர்த்தது.

“ஒரு பருவத்துக்குள்ள செத்துப்போயிரும்னீங்களே?”

“உங்க கரையில செத்துப்போச்சு. நாங்க சொன்ன மாதிரியே. கீழே, உங்க தங்கச்சி நிலத்துல உயிரோட இருக்கு.”

“அதெப்படி அங்க போச்சு?”

“கசிவை அடைக்கணும்னா அது கசிவைத் தேடிப் போகணும் இல்லையா? ஈரம் போற வழியெல்லாம் போகும். போற இடத்துல மண்ணுல இருக்கிற சுண்ணாம்பை எடுத்து, மணலையும் களிமண்ணையும் ஒட்டிக் கல்லாக்கிடும். ஆனா அதுக்குத் தீனி வேணும். தீனி இல்லேன்னா பட்டினியில செத்துடும். அதுதான் எங்க பாதுகாப்பு. கரைக்குள்ள நாங்கதான் தீனி செலுத்தினோம். நாங்கதான் நிறுத்தினோம்.”

“அப்ப கீழ ஆரு தீனி போட்டாங்க?”

“அதுக்குத் தீனி யூரியா.”

குழந்தைவேல் அப்படியே கரை மேல் உட்கார்ந்துவிட்டார். யாரிடமோ சொல்வதுபோல் பேசினார்.

“கரையடியில மாட்டுக்குப் புல்லு வெச்சிருக்கறா. கசிவு கொறஞ்சதும் புல்லு வெளுத்திருக்கும். வெளுத்தா யூரியா. பத்தலைன்னா இன்னொரு கை யூரியா. இங்க ஆரைக் கேட்டாலும் அதான் பண்ணுவாங்க.”

“யூரியா கிட்டவே வரக்கூடாதுன்னு உங்ககிட்டச் சொன்னேனே?”

“சொன்னீங்க. கரை மேல ஆரும் யூரியா போடறதில்லைன்னு நானும் சொன்னேன்.”

“கீழே அவங்ககிட்டச் சொல்லலையா?”

“எப்படிங்க சொல்றது? வண்டி வந்து கரையில ஓட்டை போட்ட அன்னைக்கே பேச்சை நிறுத்திட்டா. நானும் ரோசத்துல இருந்துட்டேன்.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அம்மிணி, ஆசைக்கா நான் அடைச்சேன்? மேக்க ஒரு தோட்டத்து அணை ஒடைஞ்சு ஒரு தெருவையே அடிச்சிட்டுப் போச்சு. ஒடனே சட்டம். ஒழுகுற தனியார் அணையெல்லாம் வெட்டி உட்றணும்னு. ஒழுகுனா அணை போயிரும். ஒழுகலைன்னா தங்கச்சி போயிருவா. நான் ரெண்டையும் வெச்சுக்கலாம்னு பாத்தேன்.”

*

கம்பெனி மேலாளர் தொலைபேசியில் உற்சாகமாக இருந்தார்.

“கல்லாவே ஆயிடுச்சா? அணைக்கு அடியில பாறை! விளம்பரத்துல போடலாம் மெர்லின்.”

“ஒரு அம்மாவோட கிணறு செத்துப்போச்சு சார்.”

“அந்தக் கிணறு நம்ம ஒப்பந்தத்துல இருக்கா?”

“இல்லை.”

“அப்புறம்?”

“பாக்கெட் மேல பெரிய எழுத்துல யூரியா எச்சரிக்கை போடணும்னு நான் அப்பவே சொன்னேன்.”

“விவசாயிகிட்ட யூரியா போடாதேன்னு எழுதி ஒட்டினா, எவன் வாங்குவான்?” அவர் குரலிலிருந்த உற்சாகம் வடிந்தது. “சரி. மருந்து உனக்கே தெரியும். சும்மா இருக்கிறதுதான். ஒரு கோடை முழுக்க அந்த நிலம் காயட்டும். யூரியா கூடாது. தண்ணி கூடவே கூடாது. அந்த நிலத்து மேல தண்ணி ஓடிச்சுன்னா, கூடவே மண்பூட்டும் போகும். எங்கே போகும்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.”

மெர்லின் அன்று மாலையே அதை வார்த்தை மாறாமல் சாந்தாமணியிடம் சொன்னாள். யூரியா விஷயத்தையும் மறைக்கவில்லை.

சாந்தாமணி மாட்டுக் கொட்டகையில் தூணைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கேட்டு முடித்ததும் சிரித்தாள். அழுதிருந்தால் மெர்லினுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“என்ற கையாலயேவா போட்டேன்?”

“உங்களுக்குத் தெரியாதும்மா.”

“எங்கண்ணனுக்குத் தெரியும்.”

“சொல்ல நினைச்சார். பேச்சு இல்லாததால...”

“கருமாதிப் பத்திரிகைன்னா ஆள் மூலமாக் குடுத்து உடுவாங்கல்ல? அந்த மாதிரி இதையும் குடுத்து உட்டிருக்கலாம்.” மாட்டின் முதுகில் கையை வைத்தாள். முதுகெலும்பு கையில் தட்டியது. “கோடை முழுக்கக் காயணும்னா மாடு என்ன குடிக்கும்? டேங்கர்ல வர்றது மனுசன் நாக்கை நனைக்கவே காணாது. வித்துட்டுப் பெங்களூர்ல மக வூட்டு பால்கனில போயி உக்காந்துக்கணும். அவ கூப்பிட்டுட்டேதான் இருக்கறா. அங்க செடிக்கு ஊத்தறதுக்குத் தனித் தண்ணி வருதாமா.”

*

மாட்டு வியாபாரியின் வேன் காலையில் வந்தது.

பரிசோதனைக்காகத் தாராபுரத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த மெர்லினும் அப்போது பைக்கில் வந்து சேர்ந்தாள். முதல் மாடு வேனில் ஏறியது. இரண்டாவது ஏறியது. செவலையின் முறை வந்தபோது மேற்கிலிருந்து காற்று அடித்தது. காற்றில் அணைத் தண்ணீரின் வாசனை. செவலை தலையை ஒரு உதறு உதறியது. கயிறு வியாபாரியின் கையை அறுத்துக்கொண்டு போனது. எலும்பும் தோலுமாக இருந்த மாடு, கரையிறக்கத்தில் ஆட்டுக்குட்டிபோல் ஏறி அந்தப் பக்கம் மறைந்தது.

“ஏய்! நில்லு!” சாந்தாமணி பின்னாலேயே ஓடினாள்.

கரை உச்சியை அடைந்த பிறகுதான் தான் எங்கே வந்து நிற்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. ஒரு வருடமாக மிதிக்காத கரை. கீழே தண்ணீரில் முன்னங்கால் நனைய நின்று செவலை உறிஞ்சிக்கொண்டிருந்தது. பத்தடி தள்ளிக் குழந்தைவேல் நின்றிருந்தார்.

சாந்தாமணி இறங்கிப்போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.

“குடிக்கட்டும் உடு புள்ள,” என்றார் குழந்தைவேல்.

அவள் கை தளர்ந்தது. மாடு குடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் மாட்டையே பார்த்தார்கள். மூச்சிரைக்க வந்து நின்ற மெர்லினை யாரும் கவனிக்கவில்லை.

“எளைச்சுட்ட,” என்றார் அண்ணன்.

“நீ மட்டும் என்ன, தொப்பையக் காணோம்.”

“ஆரு சோறு போட்டா? ஒறம்பரை, சொந்தம்னு ஒருத்தரும் வூட்டுப் படி ஏறல.”

மெர்லின் மெதுவாகச் சொன்னாள். “மாடுகளைத் தினமும் இங்கேயே ஓட்டி வந்து தண்ணி காட்டலாமே? கீழே நிலம் பாட்டுக்குக் காயட்டும்.”

நியாயமான யோசனை. அதோடு கதை முடிந்திருக்க வேண்டும்.

“தெனமும் அடுத்தவங்க தண்ணியிலயா?” என்றாள் சாந்தாமணி.

அடுத்தவங்க என்ற சொல்லில் குழந்தைவேலின் முகம் சுருங்கிப்போனது. அவர் தங்கையைப் பார்க்காமல் மெர்லினிடம் பேசினார். “அம்மிணி, அவ சொல்றதுதான் சரி. எங்கப்பா குடுத்த பங்கு அவ கெணத்துல நிக்கோணும். அவ தண்ணிய அவ எறைச்சுக்கோணும். எங்கிட்ட வந்து குனிஞ்சு குடிக்கறதுக்கு அவளும் அவ மாடும் என்ன எரந்து திங்கறவங்களா?”

“தண்ணி அந்த நிலத்து மேல போகக்கூடாதுங்க.”

“நெலத்து மேல போகாம, நேராக் கெணத்துக்குள்ள எறக்குனா?”

மெர்லின் யோசித்தாள். மதகுக்கும் கிணற்றுக்கும் நடுவே தூரம் அதிகமில்லை. தார்ப்பாய் விரித்து வாய்க்கால் போட்டால் தண்ணீர் மண்ணைத் தொடாது. கிணறு கல்லாகிவிட்டது. ஊற்றினால் தொட்டிபோல் அப்படியே நிற்கும். கிணறு நிறைந்ததும் மூடிவிடலாம்.

“அண்ணா,” என்றாள் சாந்தாமணி. அந்தச் சொல்லுக்கு அவள் தொண்டை பழக்கம் விட்டுப்போயிருந்தது. “கெணறு நெறையற அளவுக்கு மட்டும் உடறயா?”

குழந்தைவேலின் பெரிய உடம்பு ஒருமுறை குலுங்கியது.

இரண்டு பேரும் மெர்லினைப் பார்த்தார்கள். மெர்லின் தலையாட்டினாள். அவள் செய்தது அவ்வளவுதான். ஒரு தலையாட்டல்.

*

தார்ப்பாய் விரித்தாயிற்று. வியாபாரிகூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு முனையைப் பிடித்தார். ஏற்றிய மாடுகள் இறங்கிவிட்டன.

மதகின் திருகு அசையவில்லை. அவருடைய தென்னந்தோப்புக்குத் தனிக் குழாய் உண்டு என்பதால் இந்தப் பக்கத்து மதகை நெடுநாளாக யாரும் தொட்டதில்லை. குழந்தைவேல் கடப்பாரையைச் செருகித் தொங்கினார். உள்ளே எங்கேயோ ஏதோ நொறுங்கும் சத்தம். திருகு சுற்றியது. தண்ணீர் பழுப்பாக வந்து, பிறகு தெளிந்து, தார்ப்பாயில் வழுக்கிக்கொண்டு கிணற்றுக்குள் விழுந்தது.

அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சாந்தாமணி கிணற்று மேட்டில் உட்கார்ந்து அழுதாள். முகத்தை மூடிக்கொள்ளக்கூட இல்லை.

கிணறு நிறைந்தது. மெர்லின் சொன்னதுபோலவே தொட்டியாக நின்றது.

“போதுங்க! மூடுங்க!”

குழந்தைவேல் திருகைச் சுற்றினார். சுற்றியது. தண்ணீர் நிற்கவில்லை. இன்னும் சுற்றினார். திருகு காற்றில் சுற்றுவதுபோல் லேசாகச் சுற்றிக்கொண்டே இருந்தது.

“என்னங்க ஆச்சு?”

“கைக்கு ஒண்ணுமே தட்டுப்படலீங்க. தண்டு முறிஞ்சிருச்சாட்ட இருக்குது!”

மெர்லின் குனிந்து மதகின் வாயைப் பார்த்தாள். மதகை மூடும் பலகை பொருந்துகிற விளிம்புகளில் சாம்பல் நிறத்தில் கல் வளர்ந்திருந்தது. செத்துப்போவதற்கு முன் மண்பூட்டு தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. ஒழுகுகிற இடத்தையெல்லாம் அடைத்திருக்கிறது. மதகும் ஒழுகுகிற இடம்தான். கடப்பாரையின் வேகத்தில் பலகை கல்லோடு பிய்ந்து, தண்டைத் தனியாக விட்டுவிட்டுப் போயிருந்தது.

ஓட்டை முழுசாகத் திறந்தது. தார்ப்பாய் ஒரு முறை உப்பியது. அப்புறம் காணாமல் போனது.

தண்ணீர் சாந்தாமணியின் வயலில் பரவியது.

மணல்மூட்டை போட்டுப் பார்த்தார்கள். வைக்கோல் கட்டு, தென்னை மட்டை, வேனின் பின்கதவு. எதுவும் நிற்கவில்லை. கடைசியில் குழந்தைவேல் கையை உதறிவிட்டு வந்து தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“போகட்டும் உடு.”

“உன்ற தோப்பு?”

“தண்ணி இருந்து இந்த ஒரு வருசம் நான் என்ன சந்தோசத்தைக் கண்டேன்?”

மெர்லின் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வயலாக இருந்தால் இந்நேரம் மண் பாதியைக் குடித்திருக்கும். இந்த மதகைத் திறந்தால் தண்ணீர் நாலு வயல் தாண்டுவதற்குள் ஓடை மணலில் செத்துவிடும் என்று குழந்தைவேல் சொல்லியிருந்தார். இப்போது ஒரு சொட்டுகூட உள்ளே இறங்கவில்லை. மெழுகிய சிமெண்டுத் தரையில் குடத்தைக் கவிழ்த்ததுபோல், மேலே இருந்த பொடியையெல்லாம் வழித்துக்கொண்டு, தண்ணீர் வழுக்கி ஓடியது. வயல் கல். வயலுக்கு அப்பால் ஓடையின் படுகையும் கல். எவ்வளவு தூரத்துக்குக் கல் என்று யாரும் பார்த்ததில்லை.

அவள் பைக்கை நோக்கி ஓடினாள்.

*

முதல் ஊரில் ஓடைக்கரை நிறைய ஜனம். பெண்கள் மஞ்சளும் பூவும் தண்ணீரில் விட்டார்கள். ஒருவர் கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைத்தார்.

“தண்ணியை வயலுக்குத் திருப்பாதீங்க!” என்று மெர்லின் கத்தினாள். “யூரியா மட்டும் போட்டுடாதீங்க!”

“என்னம்மிணி சொல்றீங்க? குழந்தைவேலண்ணன் தொறந்து உட்டிருக்காராமே. மவராசன். தங்கச்சியோட ராசியாயிட்டாராமா!”

சேதி தண்ணீரைவிட வேகமாகப் போயிருந்தது. தண்ணீர் அவளைவிட வேகமாகப் போயிருந்தது.

அடுத்த ஊரில் ஓடையிலிருந்து வாய்க்கால் வெட்டியே முடித்திருந்தார்கள். மக்காச்சோளக் காட்டில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. இது மண். இங்கே தண்ணீர் ஆசையோடு உள்ளே இறங்கியது. இடுப்பில் அன்னக்கூடையோடு வரிசையாகப் பெண்கள், முழங்கால் நனைய நடந்தபடி, வெள்ளைக் குருணையை வீசிப் போனார்கள்.

மெர்லின் வரப்பில் பைக்கைச் சாய்த்துவிட்டு ஓடினாள். “நிறுத்துங்க! இந்தத் தண்ணியோட யூரியா சேரக்கூடாது! மண்ணு கல்லாயிடும்!”

முன்னால் நின்ற பெண் நின்று, அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் இல்லை. முகமெல்லாம் சிரிப்பு.

“ஈரம் இருக்கறப்பத்தானுங்களே போட முடியும்? காஞ்ச மண்ணுல போட்டு என்ன புண்ணியம்? ரெண்டு வருசமா மூட்டை வூட்ல தூங்குது.”

“அம்மா, நான் பொறியாளர். சொல்றதைக் கேளுங்க. இந்தத் தண்ணியில...”

“நல்லாத்தான் இருக்குதுங்க தண்ணி. நானே குடிச்சுப் பாத்தேன்.” அவள் கை மறுபடி கூடைக்குள் போனது. “மூச்சு வாங்குதே உங்களுக்கு. வரப்புல உக்காருங்க. இதோ, இந்தப் பாத்தி முடிச்சுட்டு மோர் கொண்டாறேன்.”

மெர்லின் உட்காரவில்லை. வாய்க்காலைத் தாண்டி ஓடைக்கரைக்கு வந்தாள். அங்கே மோட்டாருக்குக் குழாய் பொருத்திக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டாள்.

“ஐயா, இந்த ஓடை எங்கே போய்ச் சேருது?”

“அமராவதி ஆத்துலதானுங்க.”

“எவ்வளவு தூரம்?”

“பக்கந்தான். அந்தப் பனைமரம் தெரியுதே, அதுக்கு அந்தாண்ட.” அவர் பதமாகக் குழாயைத் தட்டி இறுக்கினார். அவள் கிளம்புவதைப் பார்த்து நிமிர்ந்தார். “எதுக்கு அம்மிணி இப்படி ஓடறீங்க? தண்ணி அப்பவே போய்ச் சேந்துருச்சு.”